மும்முனை

ஏழரை எச்.பி. மோட்டாரை
டெம்போவிலிருந்து உருட்டி இறக்கினான் அமல்ராஜ்.
"உறுமுதுங். சுத்தமாட்டீங்குது."
யாருடையதென்று அவன் சொல்லவில்லை.
ஒரு கால் உடைந்து பற்றவைத்த
அந்தப் பச்சை வார்ப்பை
கொடுமுடி ரயில்வே கேட் வரை கொண்டுவந்து
என்னிடம் யாருடையதென்று சொல்ல வேண்டியதுமில்லை.

சென்னியப்பனுக்குத் திங்கள், புதன், வெள்ளி.
நாட்ராயனுக்குச் செவ்வாய், வியாழன், சனி.
ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் யாருக்கென்றுதான்
மண்வெட்டி தூக்கி, ஸ்டேஷன் படியேறி,
மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை
என் அண்ணன்கள் இருவருக்கும்.
பத்திரத்தில் கிணறு மூன்று பங்கு.
மூன்றாவது என் பெயர்.
அதை ஞாயிற்றுக்கிழமையோடு
யாரும் பொருத்திப் பார்க்கவில்லை.
பவானிக் கூடுதுறையிலும்
ஆறு மூன்று என்பார்கள்,
கண்ணுக்குத் தெரிவது இரண்டு.

போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினேன்.
வார்னிஷ் தீய்ந்த வாடை.
இரண்டு சுற்று கரி.
மூன்றாவது
நேற்றுச் சுற்றியது போலச் செக்கச் சிவந்த செம்பு.
ஒரு பேஸ் போயிருக்கிறது.
மற்ற இரண்டும் மூன்றாள் பாரத்தை இழுத்து
எரிந்திருக்கின்றன.
இது மட்டும்
எதுவும் வராததால்
எதுவும் ஆகாமல்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அமல்ராஜ் டீ குடித்துவிட்டு
எனக்கொன்று வாங்கி வந்து
அது ஆறியும் போயிருந்தது.

தராசில் விரித்த தாள்
மகனின் பழைய வினாடிவினாப் புத்தகத்துப் பக்கம்.
எகிப்தில் அப்பா, அம்மா, பையன் என்று மூன்று சாமி.
கிரேக்கத்தில் மூன்று கிழவிகளாம்:
ஒருத்தி நூற்பாள், ஒருத்தி அளப்பாள்,
ஒருத்தி அறுப்பாள்.
மூன்று ஆள் கூலி!
இங்கே நூற்று அறுபத்தெட்டுச் சுற்று எண்ணுவதும்
கம்பியை அளப்பதும் அறுப்பதும் நான் ஒருத்தி.
நடுவில் போன் அடித்தால்
மறுபடி ஒன்றிலிருந்து.

எரிந்த இரண்டை மட்டும் மாற்றலாம்.
செலவு குறையும்.
ஆனால் பழசோடு புதுசு ஒத்துப்போகாது;
நல்லதையும் அறுத்தெடுத்தேன்.
கை கொஞ்சம் தயங்கியது, பொய் சொல்வானேன்.

அண்ணன்மார் கோயிலில் தங்கைக்கும் சிலை உண்டு.
கோயில் பெயரில் அவள் இல்லை என்று
சின்ன வயதில் கோபித்திருக்கிறேன்.
இப்போது யோசித்தால்,
அண்ணன்மார் என்று ஊரே கூப்பிடுவது
அவள் வாயால்தான்.

மூன்று சுற்றின் கடைசி முனைகளையும்
முறுக்கி ஒன்றாய்க் கட்டினேன்.
ஸ்டார் முடிச்சு.
மூன்றும் சமமாய் இழுத்தால்
முடிச்சில் ஒன்றுமே இருக்காது,
மீட்டர் வைத்தால் முள் அசையாது.
அதற்காக அவிழ்த்துவிட முடியுமா?
நம் கோயில் பிரம்மாவுக்கு மூன்று முகம்தான்;
நான்காவது, பின்னால் நிற்கும் வன்னி மரம் என்பார்கள்.
வருஷம் எத்தனையானால் என்ன,
மரம் வாய் திறந்ததில்லை.

சிவப்பு, மஞ்சள், நீலம் கொடுத்தாயிற்று.
சுவிட்சுக்கு முன்னால்
தந்தை, மகன், தூய ஆவி என்று
நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் தொட்டான் அமல்ராஜ்.
பெயர் மூன்று, தொட்ட இடம் நான்கு.
மோட்டார் ஒரு முனகல்கூட இல்லாமல்
சர்ரென்று பிடித்தது.

செம்பு, வார்னிஷ், கூலி:
ஒன்பதாயிரத்து அறுநூறு.
பில்லில் மூன்று வரி போட்டேன்.
சென்னியப்பன், மூவாயிரத்து இருநூறு.
நாட்ராயன், மூவாயிரத்து இருநூறு.
மூன்றாவது வரியில் என் பெயர்,
அப்பாவின் இனிஷியலோடு.
அதற்கு நேரே, 'வரவு.'

அமல்ராஜ் இரண்டு தரம் படித்தான்.
"யாருகிட்டங்க குடுக்கறது?"
"ரெண்டு பேருகிட்டயும் காட்டு.
ஞாயித்துக்கெழம
தண்ணி கட்ட வாரேன்னு சொல்லு."